பலனை எதிர்பார்க்காமல் உழைப்பது நிஜ வாழ்க்கையில் முடியுமா? அப்படி இருந்தால் நிம்மதி கிடைக்குமா?

"எவ்வளவு உழைத்தாலும் பலன் நம் கையில் இல்லை, அதை விட்டுவிட்டால் நிம்மதி தானாக வரும் என்கிறார்கள். விடுவது எப்படி? வீட்டில் தினமும் 'என்ன ஆச்சு' என்று கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால் ஏதோ போட்டித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் என்று தோன்றுகிறது. குரூப் 2 ஆகவோ குரூப் 4 ஆகவோ இருக்கலாம். இல்லையென்றால் மன்னிக்கவும், நான் அப்படி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சாதாரணமாக இந்த மாதிரிக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவேன். இதைத் தாண்ட முடியாததற்குக் காரணம், "பலனை எதிர்பார்க்காதே" என்பதை என் வீட்டு வாசலில் உட்கார்ந்து எனக்கே நிறையப் பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும்.

நான் பேராவூரணிப் பக்கம். தென்னைதான் பிழைப்பு. கல்லணைக் கால்வாயின் கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல் வைத்து அலுத்துப்போன பலர் ஒரு தலைமுறைக்கு முன்பே தென்னைக்கு மாறிவிட்டார்கள். என் மாமனாரும் அப்படி மாறியவர்தான். தோப்பு என்றதும் பெரிய பண்ணையார் வீடு என்று நினைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒன்றரை ஏக்கர். 25 அடிக்கு ஒன்று என்று வைத்தால் ஏக்கருக்கு 70 மரம் நிற்கும், மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்களுக்குக் கடல் தூரம் இல்லை. காற்று திசை மாறி மாறி அடித்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். விடிந்து போய்ப் பார்த்தால் பாதி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, கொஞ்சம் நடுவில் முறிந்து கிடந்தது, இன்னும் கொஞ்சம் கொண்டை திருகிப் போய் வெறும் கம்பமாக நின்றது. உருப்படியாக நின்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டத்திலும் அன்றைக்கு இதே கதைதான். எங்களைவிடப் பெரிதாக இழந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெல் போனால் ஒரு போகம் போகும். நெட்டைத் தென்னை முதல் காய் காட்டவே ஆறேழு வருடம் ஆகும், நல்ல காய்ப்புக்கு வர அதற்கு மேலும் ஆகும். வந்துவிட்டால் 60 வருடத்துக்கு மேல் நின்று கொடுக்கும். எங்கள் மரங்கள் நல்ல காய்ப்பில் இருந்தவை. எனக்குள் ஒரு பட்டியலே இருந்தது. வாய்க்கால் ஓர வரிசை பெண்ணின் நர்சிங் படிப்புக்கு, நடு வரிசைகள் வீட்டுச் செலவுக்கு, போர்வெல் பக்கத்து வரிசை நகைக் கடன் வட்டிக்கு. மரத்தைப் பார்த்தால் மரம் தெரியாது, அந்தச் செலவுதான் தெரியும். பற்று என்று புத்தகத்தில் சொல்வது இதுவாக இருந்தால், ஆமாம், எனக்கு அது நிறையவே இருந்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

புயலுக்குப் பிறகு கரண்டு வரப் பல நாள் ஆனது. ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றினோம். எங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, நாப்கின் வரை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வெறும் வார்த்தையோடு வந்தவர்களும் உண்டு. வீட்டுக்காரர் வழியில் ஒரு பெரியவர். பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து, "பலன் மேல பற்று வைக்கக் கூடாதும்மா, எல்லாம் மாயை" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். போகும்போது கீழே விழுந்து கிடந்த காய்களில் நல்லதாகப் பார்த்து ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தோப்பு வைத்திருப்பவர் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குத் தேங்காய் என்பது காற்று, வெயில் மாதிரி இலவசம். "பத்துக் காய் போடுங்க, ஊர்ல ஒரு காய் என்ன விலை விக்குது தெரியுமா" என்பார்கள். தெரியும், நாங்கள்தானே விற்கிறோம். மரம் ஏற ஆள் கிடைக்காமல் ஒரு வெட்டுக்கு எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, மரத்துக்கு என்ன கூலி, உரிக்க என்ன கூலி என்று இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. இது போதாதென்று காய் எடுக்கும் வியாபாரி லாபக்காய் என்று எண்ணிக்கைக்கு மேல் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிக்கொள்வார். அதற்குக் காசு கிடையாது. ஏன் என்று கேட்டால் "வழக்கம்" என்பார். அந்த வழக்கத்தை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டால் அடுத்த வெட்டுக்கு வண்டி வராது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் வேதாந்தம் பேசுகிறவர் மாமாதான். "நம்ம கையில என்னம்மா இருக்கு" என்பதுதான் அவருக்கு எதற்கும் பதில். காய் விலை இறங்கினாலும் அதுதான், மோட்டார் எரிந்தாலும் அதுதான். புயலுக்குப் பிறகு உடைந்துபோனதும் அவர்தான். தோப்பு இருக்கும் திசையைப் பார்த்து உட்காரக்கூட மாட்டார். அந்த வாக்கியத்தை அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள் அவை. வேர் குடித்த தண்ணீரைத் தென்னை தலையால் திருப்பித் தரும், அதனால் செய்த நன்றிக்குப் பலன் எப்போது வரும் என்று கேட்காதே என்று ஔவை சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நின்றால் தரும். விழுந்து கிடக்கிற மரத்தின் முன்னால் அந்தப் பாட்டை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் வட்டாரத்தில் மரம் போன வேதனையில் உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பற்று அதிகம், பக்குவம் போதவில்லை என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு அதிகமாக இருந்தது கடன். அதனால், உங்களுக்கு மனம் அந்த அளவுக்குக் கனத்துப்போயிருந்தால் தத்துவத்தையும் என் கதையையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள், அல்லது 104க்குப் பேசுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு எப்படி லேசானது என்று கேட்டால், நான் எதையும் "விடவில்லை". விட முயற்சி செய்த நாளெல்லாம் அதைப் பற்றித்தான் அதிகமாக நினைத்தேன். கண்ணை மூடி உட்கார்ந்தால் வாய்க்கால் ஓர வரிசைதான் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான் நான், தியானத்தைக் கேலி செய்யவில்லை, எனக்கு அது அப்போது கைகொடுக்கவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

மாற்றியது வண்டு. காண்டாமிருக வண்டு.

விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே பல மாதம் ஆனது. வெட்டித் துண்டு போடக் கூலி, இழுத்துப் போட இயந்திரத்துக்கு வாடகை. ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது விலைக்குக் கேட்க யார் வருவார்கள்? வசதியில்லாதவர்கள் அப்படியே மக்க விட்டார்கள். மக்கிய தென்னை மரத்திலும் எருக்குழியிலும்தான் இந்த வண்டு முட்டை போடும். 2019ல் மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து, கொஞ்சம் நெட்டையும் கொஞ்சம் நெட்டை குட்டை ஒட்டும் கலந்து கன்று வைத்தோம். தென்னம்பிள்ளை தலையெடுக்கிற நேரத்தில் வண்டு கிளம்பிவிட்டது. அது குருத்துக்குள் துளை போட்டு இறங்கும். வெளியே நார் தள்ளியிருக்கும். அப்புறம் விரியும் மட்டையைப் பார்த்தால் இலைகள் கத்தரிபோட்டு முக்கோணமாக வெட்டியதுபோல் இருக்கும். கவனிக்காமல் விட்டால் குருத்து அழுகிச் சின்னக் கன்று செத்தே போகும். துளைத்த ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேர்ந்தால் பெரிய மரமும் போகும்.

இதற்கு வீட்டுக்காரரோ நானோ தினமும் காலையில் ஒரு சுற்றுப் போகவேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். நுனியில் கொக்கி வைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி வெளியே எடுக்கவேண்டும். குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடவேண்டும். சிலர் அந்துருண்டையைப் போட்டு மேலே மணல் தூவுவார்கள். நாங்கள் இரண்டும் செய்தோம். ஆமணக்குப் புண்ணாக்கைப் பானைத் தண்ணீரில் ஊறவைத்து அங்கங்கே புதைத்தால் வாசனைக்கு வந்து விழும். எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது அத்தையின் வேலை. ஆரம்பத்தில் அருவருப்பாக இருந்தது என்றவர், கோழி முட்டை அதிகமாக வைக்கிறது என்றதும் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்.

இந்த வேலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. குருத்தைக் குத்திவிடாமல் வண்டை மட்டும் எடுக்கவேண்டும். அந்த நேரத்தில் கொப்பரை விலையை நினைக்க முடியாது, நினைத்தால் கம்பி தடம் மாறிவிடும். ஏழு வருடம் கழித்துக் காய்க்குமா என்று கணக்குப் போட்டால் அடுத்த கன்றுக்குக் கால் நகராது. இந்தக் குருத்தில் வண்டு இருக்கிறதா, இல்லையா. இல்லையென்றால் அடுத்தது. வேலை முடிந்து வாய்க்காலில் கை கழுவும்போது பார்த்தால் மனசு சும்மா இருக்கும். அதற்காக ஆனந்தம், பரவசம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். பசி ஒழுங்காக எடுத்தது, ராத்திரி தூக்கம் வந்தது. பெயர் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நிம்மதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வண்டு எடுப்பதே காய்க்காகத்தானே, அப்புறம் என்ன பற்றின்மை?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஆமாம், காய்க்காகத்தான். காய் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? காய் வேண்டும். அது வரும் என்று உறுதியானால்தான் இன்றைக்குச் சோறு இறங்கும் என்றிருந்தது, அது போய்விட்டது. நானாக முயன்று அனுப்பவில்லை, எப்போது போனது என்றும் தெரியாது.

இதையே பிடித்துக்கொண்டு "அப்போ எல்லாத்தையும் விட்டுடணும்" என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. நிவாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. நன்றாகக் காய்க்கும் மரம் ஒரு வருடத்தில் கொடுப்பதே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். சரி, அதுவாவது வரட்டும் என்றால், எங்கள் பட்டா கூட்டுப் பட்டா, மாமாவின் அண்ணன் தம்பி பெயரெல்லாம் அதில் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் எழுதிக்கொண்டு போன எண்ணிக்கை கீழே கிடந்த மரத்தில் பாதிகூட இல்லை. கேட்டால், முறிந்ததை எழுத முடியாது, வேரோடு சாய்ந்ததைத்தான் எழுதுவோம் என்றார். அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்காரர் சளைத்துவிட்டார், நான் சளைக்கவில்லை. போட்டோ, பட்டா நகல், பங்காளிகளின் ஒப்புதல் கடிதம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கணக்கெடுத்தவரின் அலுவலகத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன். "பொம்பள எதுக்கும்மா இதுக்கெல்லாம் அலையிற, வர்றது வரும்" என்று அங்கே ஒருவர் சொன்னார். வர்றது தானாக வருமென்றால் இவர் எதற்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? கடைசியில் எண்ணிக்கையைத் திருத்தினார்கள், பணமும் வந்தது, தாமதமாக.

மரம் என்ன தரும் என்பது என் கையில் இல்லை. அதற்கு மழை, காற்று, வண்டு என்று ஆயிரம் எஜமானர்கள். ஆனால் ஒரு மனுஷன் சட்டப்படி எனக்குத் தரவேண்டியதைத் தராமல் வைத்திருப்பது அப்படி இல்லையே. அது பாக்கி. பாக்கியைக் கேட்பதற்குப் பற்று என்று பெயர் வைத்து வாயை அடைக்கப் பார்த்தால் அதைச் சொல்கிறவர்களுக்குத்தான் அதில் லாபம். கூலி கேட்கிறவர்களிடமும், ஓய்வூதியம் நின்றுபோனவர்களிடமும் இதே வசனத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருமகள்களிடம் சொல்லாத வீடு உண்டா?

கன்றுகளின் கதையை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் கேட்பீர்கள். ஒட்டு ரகம் முதலில் பாளை விட்டது. அந்த நேரத்தில் சுருள் வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. 2025ல் தேங்காய்க்கு வாழ்நாளில் பார்க்காத விலை வந்தது. "இப்போ நீங்கதான் ராஜா" என்று ஆளாளுக்குப் போன் செய்தார்கள். பல இடத்திலும் காய்ப்பு குறைந்ததால்தான் அந்த விலையே வந்தது என்பதை அவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. எங்களுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. பழைய மரங்கள் நின்றிருந்தால் அந்த ஒரு வருடத்தில் நகைக் கடன் மொத்தமும் அடைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆமாம், போட்டுப் பார்த்தேன், ஒரு சாயங்காலம் முழுக்க வயிறு எரிந்தது. மறுநாள் காலையில் சுற்றுக்குப் போகவேண்டியிருந்தது, போனேன். இதுதான் என் பற்றின்மையின் அளவு, இதற்கு மேல் என்னிடம் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு இதிலிருந்து எதை எடுப்பீர்களோ தெரியாது. எழுதிய தேர்வை மறக்கப் பாடுபடாதீர்கள், அது நடக்காது. அடுத்த தேர்வுக்கோ வேறு வேலைக்கோ, கையும் கண்ணும் சேர்ந்து செய்யவேண்டிய ஏதாவது ஒன்றை, அன்றைக்கே முடிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு தினமும் செய்யுங்கள். கணக்குப் பகுதி என்றால் எழுதிப் பார்த்துப் போடுங்கள், வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் மனசு முடிவைத் தேடிப் போய்விடும். இது எனக்குத் தோன்றுவது, நான் தேர்வு எழுதி வேலைக்குப் போனவள் இல்லை. என் கொழுந்தனார் மகன் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவன் விஷயத்தில் பார்த்த இன்னொன்று. உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும் தவறாகத் தெரிகிற விடைக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம்போல அவகாசம் கொடுப்பார்கள். அதைச் செய்யாமல் "நடக்கிறது நடக்கட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். புத்தகத்தைப் பார்த்து, பக்க எண்ணோடு ஆதாரம் வைத்து அனுப்புங்கள். ஒரு மதிப்பெண்ணில் எத்தனை பேர் முன்னே பின்னே போகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வீட்டில் கேட்பதை யாராலும் நிறுத்த முடியாது. எங்கள் அத்தை ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "எத்தன காயி?" என்பார். நான் மழுப்பாமல் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவேன். குறைந்தால் முதலில் வெள்ளை ஈயைத் திட்டுவார், அப்புறம் அரசாங்கத்தை, அப்புறம் என் வீட்டுக்காரரை. திட்டி முடித்ததும் காபி வரும். மழுப்பினால்தான் அன்று முழுக்கக் கேள்வி தொடரும். தேர்வாணையத்தின் இணையதளத்தில் எந்தத் தேர்வுக்கு முடிவு எந்த மாதம் வரும் என்று உத்தேசமாக ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். அந்த மாதத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பாதிக் கேள்வி நின்றுவிடும். மீதிப் பாதி சொந்தக்காரர்கள் கேட்பது, அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.